குடியிருப்புப் பொங்கல் விழாவில் தெருக்கூத்து வைப்பதென்றால்

தாம்பரம் பக்கம் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம். பொங்கல் விழாவில் கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு மணி நேரம் தெருக்கூத்து வைக்க நினைக்கிறீர்கள். ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, எங்கே பிடிப்பது, அனுமதி யாரிடம் வாங்குவது, மைதானத்தை எப்படித் தயார் செய்வது என்பது உங்கள் கேள்வி.

முதலில் அந்த ஒரு மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். கூத்து விடிய விடிய ஆடுவதற்கென்றே அமைந்த கலை. இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை போவதுதான் ஊர்களில் வழக்கம். மத்தளமும் தாளமும் முகவீணை என்ற சிறு ஊதுகுழலும் சேர்ந்து களரி கட்டவே, அதாவது தொடக்க இசை முழங்கவே, கால் மணி நேரம் போகும். பிறகு கடவுள் வாழ்த்து, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வருகை. அதற்கப்புறம் முதல் வேடம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, தலையை மட்டும் காட்டி, திரை விலகி, தன் பெருமையைச் சொல்லி ஆடி முடிக்க இன்னொரு இருபது நிமிடம். உங்கள் ஒரு மணி நேரம் அங்கேயே தீர்ந்துபோகும். பார்த்தவர்கள் கிரீடத்தையும் சலங்கையையும் பார்த்திருப்பார்கள், கதையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று மணி நேர வேடக்கட்டுக்கு உட்கார்ந்த கலைஞருக்கும் அது வெறும் அலங்கார ஊர்வலமாகிவிடும். ஆகவே கூத்துக்கென்று ஒரு மாலையைத் தனியாக ஒதுக்குங்கள். குறைந்தது மூன்றரை மணி நேரம். கோலப்போட்டியை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

நாள் தேர்வில் ஒரு எச்சரிக்கை. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் மூன்றும் வேண்டாம். கூத்தாடிகளில் பலர் விவசாயக் குடும்பத்தார். அந்த நாட்களில் அவர்கள் வீட்டிலும் பொங்கல்தான். காணும் பொங்கலன்று மெரினா, மாமல்லபுரம், வண்டலூர் என்று போலீஸார் முழுதும் கூட்டக் கட்டுப்பாட்டில் இருப்பார்கள், உங்கள் மைதானத்துக்கு ஆள் கிடைப்பது சிரமம். போதாததற்கு அரசின் ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’வும் பொங்கலையொட்டியே நடக்கிறது. நல்ல ஜமாக்கள் பலவற்றை அதற்கு முன்கூட்டியே பேசிவிடுவார்கள். பொங்கல் முடிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமைதான் உத்தமம். ஊருக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள்.

தை மாதம் கூத்துக்கு ஒரு வகையில் வசதியான காலம். திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை போகும். அந்தக் காலத்தில் கேட்டால் பெயர்பெற்ற ஜமாவுக்குத் தேதியே இருக்காது. தையில் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு.

இனி ஜமா. தாம்பரத்திலிருந்து எட்டும் தூரத்தில் கூத்தின் தாய்நிலமே இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு வட்டாரங்களில் ஆடுவதை வடக்கத்திப் பாணி என்பார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் தெற்கத்திப் பாணி. பாட்டு மெட்டு, அடவு, வேடக்கட்டு மூன்றிலும் வித்தியாசம் உண்டு. உங்கள் குடியிருப்பில் எந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதிகமோ அந்தப் பாணியை அழைத்தால், அவர்களே முன்வந்து வேலை செய்வார்கள். செய்யாறு அருகே புரிசை கிராமம் கண்ணப்ப தம்பிரான் பரம்பரையால் நாடறிந்தது. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிப்புப் பயிற்சிக்கு அந்தப் பரம்பரைதான் பெரிய ஊற்று. காஞ்சிபுரத்தையொட்டிய புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து (தெருக்கூத்தின் இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்று மேடையேறினார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கலையில் அது பெரிய திருப்பம்.

இந்தப் புகழ்பெற்ற பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். ஊர் ஊராக வாத்தியார்கள் நடத்தும் ஜமாக்கள் ஏராளம். காஞ்சிபுரத்தில் உள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்றும் விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா ஒருவரிடம் “போன வருஷம் உங்க ஊருல யாரு ஆடுனாங்க, இந்த வருஷமும் அவங்களையே கூப்பிடுறீங்களா?” என்று கேட்பது. ஒரு ஊர் ஒரே ஜமாவைத் தொடர்ந்து அழைக்கிறதென்றால் அதைவிடச் சான்று வேண்டாம். இணையத்தில் உள்ள காணொளியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் ஆடியவர் இப்போது அந்த ஜமாவில் இல்லாமல் இருக்கலாம். நடிகர்கள் ஜமா மாறுவது சகஜம்.

பேசும்போது வாத்தியாரிடம் நேரடியாகப் பேசுங்கள். இடைத்தரகர் வந்தால் கலைஞரின் பங்கு குறையும், நீங்கள் சொன்ன விவரமும் பாதிதான் போய்ச் சேரும். வெற்றிலை பாக்கு, பழத்தோடு அச்சாரத் தொகையை வைத்துக் கொடுப்பது வழக்கம். நேரில் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். பேச வேண்டியவை இவை: எத்தனை பேர் வருகிறார்கள் (பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் இயல்பான எண்ணிக்கை), எந்தக் கூத்து, முக்கிய வேடங்களை யார் கட்டுகிறார்கள், வேன் வாடகை தொகைக்குள் அடங்குமா தனியா, மைக் செட் யாருடையது. தொகை மாதம், தூரம், ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். அதனால் இரண்டு மூன்று ஜமாக்களிடம் கேட்டு ஒரு உத்தேசம் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். தொகையைக் குறைத்தால் வாத்தியார் ஆளைக் குறைப்பார். முதலில் விடுபடுவது முகவீணைக்காரரும் ஒரு பின்பாட்டுக்காரரும்தான். அவர்கள் இல்லாத கூத்து பாதிக் கூத்து. வந்த தொகையை வேடத்துக்கும் வாத்தியத்துக்கும் தக்கபடி பங்கு பிரித்துக்கொள்வார்கள். எனவே மீதித் தொகையை அன்றிரவே, வேன் கிளம்பும் முன், முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள். “திங்கட்கிழமை அனுப்புகிறோம்” என்றால் பதினைந்து குடும்பத்துக் கணக்கு நிற்கும்.

எந்தக் கூத்தைத் தேர்ந்தெடுப்பது? பலரும் முதலில் சொல்வது கர்ண மோட்சம். உருக்கமான கூத்து, சந்தேகமில்லை. கர்ணனின் பிறப்பை இழிவாக நினைக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் நடக்கும் தர்க்கம் தமிழ்க் கூத்தின் உச்சங்களில் ஒன்று. ஆனால் கர்ண மோட்சம் ஊர்களில் இறந்தவர்களின் காரியத்தன்று வைக்கும் கூத்தும்கூட. மங்கல நாளில் அது வேண்டாம் என்று உங்கள் குடியிருப்பிலேயே பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். நோட்டீஸ் அடித்தபின் கூத்தை மாற்றுவது ஜமாவுக்குக் கஷ்டம். திரௌபதி துகிலுரிதல் பக்தியும் பயமும் கலந்தது. துச்சாதனன் வேடம் கட்டியவரே சேலையைத் தொடும் முன் சூடம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் பார்வையாளர்கள் எழுந்து கும்பிடுவார்கள். அதை வெறும் ‘ஷோ’வாக நடத்த நினைத்தால் அந்தக் கூத்தை எடுக்காதீர்கள்.

முதல்முறை பார்க்கும் நகரத்துக் கூட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் தேர்வு பகாசுரன் வதம் அல்லது சுபத்திரை திருமணம். முன்னதில் வண்டிச் சோறும் வீமனின் பசியும் ராட்சதனும் உண்டு, சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பின்னது கல்யாணக் கதை, பொங்கலுக்குப் பொருந்தும். அர்ச்சுனன் தபசு மட்டும் வேண்டாம். உயரமான தபசு மரத்தை நட்டு, அதில் ஏறிப் பாடி, மேலிருந்து பூவும் விபூதியும் எறிய, குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதை மடியேந்தி வாங்குவது கோயில் சடங்கு. மாநகராட்சி மைதானத்தில் அதற்கு இடமுமில்லை, பொருளுமில்லை.

எட்டு மணி நேரக் கூத்தை மூன்றரை மணியாக்கும்போது ஒரே ஒரு விதி: எல்லாக் காட்சியையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லாதீர்கள். சில காட்சிகளை முழுதாக விட்டுவிட்டு, எடுத்த காட்சியை முழுதாக ஆடச் சொல்லுங்கள். எதை விடுவது என்பதை வாத்தியாரே முடிவு செய்யட்டும். வேடங்கள் ஐந்து அல்லது ஆறுக்குமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொரு புதிய வேடமும் திரைப்பாட்டுக்கென்று பதினைந்து இருபது நிமிடம் கேட்கும். அதைக் குறைத்தால் கூத்தின் அழகே போய்விடும்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, சத்தமெழுப்பும் இசைக்கருவியும் கூடாது. விழாக்காலங்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அரசு அறிவிக்கும் நாட்களுக்கு. இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கக்கூடிய சலுகை அல்ல. ஆகவே 9.45-க்கு மைக்கை அணைக்கும்படி திட்டமிடுங்கள். குடியிருப்புப் பகுதியின் பகல்நேர அளவு 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 வரை, அதாவது 65-க்குள் இருக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். உங்கள் மைதானத்தை ஒட்டி நர்சிங் ஹோம் இருந்தால் இடத்தை மாற்றிவிடுவதே மேல். கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி தரமாட்டார்கள், பெட்டி ஸ்பீக்கர்தான்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. மைதானம் மாநகராட்சியுடையது என்றால் மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுத்து வாடகை கட்டி ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதின் நகலை வைத்துத்தான் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டு இடத்திலும் “அங்கே வாங்கிட்டு வாங்க” என்று அலைய வேண்டிவரும். தாம்பரம் தனி ஆணையரகம் என்பதால் சென்னை ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. மனுவில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், வண்டி நிறுத்தும் இடம், பொறுப்பாளர் இருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும், ஒலிபெருக்கி விவரம் இவை எல்லாம் இருக்கட்டும். மூன்று வாரம் முன்பே கொடுங்கள். தெருவை அடைத்து மேடை போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஆம்புலன்ஸ் வழி அடைபடும் என்று மறுப்பார்கள், அது நியாயமும்கூட.

மின்சாரத்துக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு மனு செய்யுங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது குற்றம் என்பதோடு, ஈரத்தரையில் வெறுங்காலோடு ஆடுபவர்களின் உயிருக்கே ஆபத்து. விளக்குக்கு ஒரு கிலோவாட், மைக் செட்டுக்கு இரண்டு, வேடக் கொட்டகைக்கு அரை என்று மூன்றரை கிலோவாட் போதும். துணைக்குச் சத்தமில்லாத வகை ஜெனரேட்டர், 7.5 அல்லது 10 கேவிஏ, ஆடுகளமான களரியிலிருந்து நூறடி தள்ளி. ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே லைனில் போட்டால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் வரும்.

இப்போது களரி. மேடை வேண்டாம், தரைதான் வேண்டும். மண் தரை என்றால் மிக நல்லது. இருபதுக்கு இருபது அடி சதுரம். முந்தின நாளே கல், கண்ணாடிச் சில்லு, முள் பொறுக்கி, பெருக்கி, மாலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஆடும் நாள் மதியம் இன்னொரு முறை தெளித்தால் புழுதி அடங்கும். சேறாகும் அளவுக்கு ஊற்றிவிடாதீர்கள், சுழன்றாடும்போது கால் வழுக்கும். மரப்பலகை மேடையில் அடவு போட்டால் பலகை முரசு மாதிரி அதிர்ந்து சலங்கை ஒலியை விழுங்கிவிடும். அதன்மேல் கார்ப்பெட் விரித்தால் சுருண்டு காலில் சிக்கும். வேறு வழியில்லாமல் மேடைதான் என்றால் இரண்டடிக்கு மேல் உயரம் வேண்டாம். பலகை இடைவெளிகளை ஒட்டுப்பலகையால் மூடி ஆணி அடித்து, ஒருவரைக் குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

களரியின் பின்பக்கம் பத்தடி நீள பெஞ்சு இரண்டு. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, பின்பாட்டு எல்லாம் அங்கேதான். மற்ற மூன்று பக்கமும் மக்கள். முன்னால் தார்ப்பாய் மேல் ஜமுக்காளம், முப்பதுக்கு முப்பது அடி விரித்தால் நூற்றைம்பது பேர் உட்காரலாம். களரி விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் ஆறடி இடைவெளி கட்டாயம். வேடம் கிறுகிறுவென்று சுழலும்போது விரிந்த பாவாடையும் கட்டை எனும் மர அணிகலனும் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும். நாற்காலிகள் அதற்கும் பின்னால். நடுவில் ஐந்தடிப் பாதை விடுங்கள். ராட்சத வேடங்கள் சில சமயம் கூட்டத்தின் நடுவே தீவட்டியோடு ஓடி வரும், குங்கிலியப் பொடியை எறிந்து தீயைக் கிளப்புவார்கள். அதனால் களரிக்கு மேலே துணிப் பந்தல் கூடாது. இரண்டு மணல் வாளி, ஒரு தீயணைப்பான் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெஞ்சுக்கு மேல் மட்டும் சின்னப் பந்தல் தேவை. தை மாதப் பனி இறங்கினால் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும்.

விளக்கு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். நிறம் மாறும் டிஜே விளக்கும் புகை இயந்திரமும் வேண்டவே வேண்டாம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதித்தவை. தீவட்டி வெளிச்சத்துக்கு மினுங்கவேண்டும் என்றே செய்தது. நேராக, மஞ்சள் சாயலுள்ள வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு திரும்பலுக்கும் அந்தக் கண்ணாடிகள் பொறி தெறிக்கும். சிவப்பும் நீலமும் பாய்ச்சினால் முகத்தில் அரிதாரத்தின் மேல் வரிசை வரிசையாக வைத்த வெள்ளைப் புள்ளிகள்கூடத் தெரியாது. 200 வாட் எல்ஈடி ஃபோகஸ் நான்கு போதும். முன்பக்கம் இரு மூலையிலும் பன்னிரண்டடி உயரத்தில் இரண்டிரண்டு. அதற்குக் குறைந்த உயரத்தில் வைத்தால் ஆடுபவரின் கண் கூசும்.

மைக் செட்காரரிடம் நேரம் எடுத்துப் பேசுங்கள், பெரும்பாலான கூத்துகள் கெடுவது இங்கேதான். கல்யாணக் கச்சேரிப் பழக்கத்தில் அவர் ஒவ்வொரு நடிகருக்கும் காதோடு மாட்டும் மைக்கைக் கொண்டுவருவார். கன்னத்துக் கட்டும் கிரீடக் கயிறும் வியர்வையும் சேர்ந்து பத்தாவது நிமிடத்தில் அது வேலை செய்யாது. கூத்துக்குப் பழகிய முறை, களரிக்கு மேலே குறுக்குக் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிடுவது. மூன்று மைக், ஒன்பதடி உயரத்தில். கிரீடம் ஏறிய நடிகரின் உயரம் ஏழடிக்கும் மேலே போகும், அவர் குதிக்கவும் செய்வார். இது போக ஆர்மோனியத்துக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் ஒவ்வொன்று. முகவீணைக்குத் தனி மைக் வேண்டாம். அதன் ஒலி தானாகவே மைதானத்தைத் தாண்டும். மைக் வைத்தால் பாட்டையே மூடிவிடும். ஸ்பீக்கர் பெட்டிகள் தொங்கும் மைக்குகளுக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் ஊளையிடும். எக்கோ என்ற பொத்தானைத் தொடவே கூடாது. கூத்துப் பாட்டில் சொல் கேட்கவேண்டும். வேடம் கட்டத் தொடங்கும் முன்னரே பின்பாட்டுக்காரரைப் பாடச் சொல்லிச் சரிபாருங்கள். அவர் குரல் உச்சத்துக்குப் போகும்போது எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்த்து அளவை முன்பே குறைத்துவையுங்கள்.

வேடக் கொட்டகை பெஞ்சுக்கு நேர் பின்னால், இருபதடி தூரத்துக்குள், மூன்று பக்கம் மறைத்து இருக்கவேண்டும். இருபதுக்குப் பதினைந்து அடி, பாய்கள், வெள்ளை வெளிச்சம், நான்கு பிளக் பாயிண்ட், இரண்டு குடம் தண்ணீர், குடிக்கத் தனித் தண்ணீர். பக்கத்திலேயே பூட்டுப் போடாத கழிப்பறை. முடிந்தபின் அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், சோப்பு, பழைய துணி, வெந்நீர். இதை மறந்துவிட்டு, முகத்தில் பூச்சோடு கலைஞர்களை வேனில் ஏற்றி அனுப்பும் விழாக்கள் நிறைய. உங்கள் விழா அப்படி இருக்கக்கூடாது.

நேரத்தை இப்படி வகுக்கலாம். மதியம் ஒன்றரைக்கு ஜமா வந்து சாப்பாடு. மூன்று மணிக்கு வேடக்கட்டு. ஐந்தேகாலுக்கு மரியாதை. ஐந்தே முக்காலுக்குக் களரி கட்டுவது, தையில் அப்போதுதான் பொழுது இறங்கும். ஆறு ஐந்துக்குக் கட்டியங்காரன். ஆறு இருபதுக்கு முதல் திரை. ஒன்பதரைக்கு மங்களம். சாப்பாட்டை மதியமே வயிறாரப் போட்டுவிடுங்கள். இடுப்பில் பாவாடையை இறுக்கிக் கட்டியபின் யாராலும் சாப்பிட முடியாது. ஏழரைக்கு ஒரு முறை, எட்டே முக்காலுக்கு ஒரு முறை சூடான டீ. இரவுச் சாப்பாடு கூத்து முடிந்தபின், சுடச்சுட. வேன் வரும் வழியையும் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்குப் பின் வரும் வார இறுதிகளில் ஜிஎஸ்டி சாலை செங்கல்பட்டிலிருந்தே நெரியும். காஞ்சிபுரத்திலிருந்து வருபவர்கள் வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாக வருவதே நல்லது. அப்படியும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், செய்யாறு என்றால் மூன்று.

ஐந்தேகால் மரியாதை பதினைந்து நிமிடத்துக்குமேல் போகக்கூடாது. கவுன்சிலர், எம்எல்ஏ, சங்கத் தலைவர் எல்லோருக்கும் பொன்னாடை அப்போதே. வாத்தியாருக்கும் அப்போதே, அதுவும் முதலில். கூத்தின் நடுவே நிறுத்தி “சிறப்பு விருந்தினர் இரண்டு வார்த்தை பேசுவார்” என்பதுதான் ஒரு கூத்துக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய கேடு. ஆவேசம் ஏறிய வேடம் கைகட்டி நிற்கும், பிறகு அந்த வேகம் திரும்பாது. தாமதமாக வரும் விருந்தினருக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலி, அவ்வளவே. மக்கள் நடுவில் அன்பளிப்புக் கொடுக்க வருவார்கள், அது ஊர் வழக்கம்தான், தடுக்க வேண்டாம். ஒருவர் உறையில் பெயரெழுதி வாங்கிவைத்துக் காட்சி முடிவில் கட்டியங்காரனிடம் கொடுத்தால் அவரே தன் பாணியில் அறிவித்துவிடுவார்.

கட்டியங்காரன்தான் உங்கள் கூட்டத்துக்கும் கதைக்கும் நடுவே பாலம். மதியமே அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து ஏரியாப் பெயர்கள், குண்டும் குழியுமான சாலை, தண்ணீர் லாரி, நிற்காத பஸ் என்று நாலு உள்ளூர் விஷயம் சொல்லிவையுங்கள். அதை எந்த இடத்தில் எடுத்துப் போடுவது என்று அவருக்குத் தெரியும். இரட்டை அர்த்தப் பேச்சும் சாதி, உருவக் கேலியும் வேண்டாம் என்பதையும் அதே நேரத்தில் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் களரியருகே போய்ச் சைகை காட்டுவது அவரையும் அவமதிக்கும், கூட்டத்தையும் கலைக்கும்.

அறிவிப்பு எழுதுவதில் பெரும்பாலான சங்கங்கள் செய்யும் தவறு, முக்கால் பக்கத்துக்கு நிர்வாகிகள் பெயரும் ஒரு மூலையில் ‘தெருக்கூத்து நடைபெறும்’ என்றும் போடுவது. எந்தக் கூத்து, எந்த ஊர் ஜமா, வாத்தியார் பெயர், கிழமையோடு தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அடையாளத்தோடு இடம், அனுமதி இலவசமா என்ற எட்டும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிக்கு நான்கு நாள் முன்பும், வட்டார வார இதழ்களுக்குப் பத்து நாள் முன்பும் அனுப்புங்கள். வார இதழ்கள் இரண்டு மூன்று நாள் முன்னரே பக்கத்தை மூடிவிடும். ஒத்திகை அல்லது வேடக்கட்டுப் படம் ஒன்று, ஜமாவிடம் கேட்டு வாங்கி இணைத்தால் செய்தி வர வாய்ப்பு கூடும். வாட்ஸ்அப் குழுவுக்குக் கதைச்சுருக்கம் ஒரு பக்கம், யார் யாருக்கு என்ன உறவு என்ற குறிப்போடு, முந்தின நாள் இரவு. விருத்தம் புரியவில்லை என்று எழுந்துபோகும் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைப்பது இந்த ஒரு பக்கம்தான்.

பிள்ளைகளுக்கு வேடக்கட்டைக் காட்ட விரும்பினால், வாத்தியாரின் சம்மதத்தோடு நான்கு மணிக்குக் கொட்டகையின் ஒரு பக்கத்தை இருபது நிமிடம் திறந்துவிடலாம். அரிதாரம் பூசுவதும் முத்துப் புள்ளி வைப்பதும் அப்போது நடக்கும். கட்டை கட்டும் நேரத்தில் திரையை மூடிவிடுங்கள். அணிகலன் பெட்டிக்குப் பூஜை செய்து கும்பிட்டு எடுப்பது அது, செல்ஃபிக்கு இடமில்லை. பூஜைக்குத் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, சூடம், ஊதுவத்தி ஒரு தட்டில் தயாராக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு சிலர் முழு இரவுக் கூத்துதான் வேண்டும் என்பார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, மூடிய கல்யாண மண்டபம். மண்டபத்துக்குள் இரவிலும் ஒலி வைக்கலாம், வெளியே அக்கம்பக்கத்துக்குக் கேட்காத அளவில். மண்டபத்து டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், சுவர் எதிரொலிக்கும், ஆகவே இது அரைமனதான ஏற்பாடு. இரண்டாவது வழி, நீங்கள் கூத்தின் ஊருக்குப் போவது. சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கம் போனால் சுவரெல்லாம் ‘மகாபாரத அக்னி வசந்த விழா’ போஸ்டர் ஒட்டியிருக்கும். எந்தத் தேதியில் துகில், எந்தத் தேதியில் தபசு, எந்தத் தேதியில் படுகளம், தீமிதி என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஒரு வேன் எடுத்து இருபது பேர் போய்வரலாம். பாய், போர்வை, டார்ச், தண்ணீர் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கோயிலில் ஒரு தொகை எழுதி ரசீது வாங்குங்கள், ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். துரியோதனன் வதம் நிகழும் படுகளத்துக்குப் போவதென்றால் காலையில் மட்டும் போய் மண்ணால் செய்த துரியோதனனைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முந்தைய இரவு பதினெட்டாம் போர் கூத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் அப்படியே படுகள மைதானத்துக்கு நடந்து, வெயில் ஏறுவதற்குள் நிழலில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.